முந்நூற்றுப் பன்னிரண்டாவது சோடி

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். கீழே படியில் என் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கறுப்பு நிறம், தடித்த அடி, நாடாவுக்குப் பதிலாக ஒட்டுகிற பட்டி. யாராவது ஒருவர் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டால் நல்லது. இந்தப் பள்ளியில் செருப்புக் காணாமல் போன கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

நிர்வாக சபையார் எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொல்லி என்னை இந்த அறையில் உட்கார வைத்தீர்கள். இரண்டு தாள் தந்தீர்கள். அது காணாது என்று மேசை லாச்சியைத் திறந்து இன்னும் நாலு எடுத்துக்கொண்டேன். அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டவை இரண்டு. ஆகஸ்ட் மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சோடிச் செருப்பை ஏன் எடுத்தேன் என்பது ஒன்று. முந்நூற்றுப் பதினொன்று திரும்பி வந்துவிட்டது, மிச்சம் ஒரு சோடி எங்கே என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஆனால் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

என்னை உங்களுக்குத் தெரியும். என்றாலும் வாக்குமூலம் என்றால் பெயர் இருக்க வேண்டும். ஆதம்லெப்பை நஜிமுதீன், வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடமாகக் கல்முனையில் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் வாசிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பள்ளியின் கிழக்கு வாசல் தகரக் கொட்டிலில் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கி வைப்பவனும் நான்தான். யாரும் கேட்டுச் செய்யவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஹஸ்ரத் குத்பாப் பிரசங்கத்தில் சொன்னார், வாசலில் ஒருவன் கழற்றி விடுகிற செருப்பும் அமானிதம்தான், அடுத்தவனை நம்பி விட்டுப் போகிற பொருள்தான் என்று. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். செய்தவன் நான் ஒருவன்.

மீற்றர் வாசிப்பவனுக்குக் கால்தான் எல்லாம். எனக்குப் பத்து வருடமாகக் குதிக்கால் நோ. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைப்பது உயிர் போய் உயிர் வரும். எண்ணெய் பூசினேன், ஒத்தணம் கொடுத்தேன், சப்பாத்துக்குள் பஞ்சு வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் பொத்துவிலில் ஒரு கலியாணம். மறுநாள் காலையில் அறுகம்பேக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரன் ஓடி வந்தான். என் வயதுக்கு மேல் இருக்கும். அவன் காலில் கையுறை போல விரல் விரலாகப் பிரிந்த ஒரு மெல்லிய சப்பாத்து. ஓடி வந்த சத்தமே இல்லை. விடுதியில் வேலை செய்கிற துலக்சன் என்ற பொடியன் பக்கத்தில் நின்றான். அவனை விட்டு விசாரித்தேன்.

"மனிசன்ட கால் சப்பாத்துக்குள்ள கிடந்து நித்திரையாப் போயிட்டுதாம் அண்ணன்," என்று துலக்சன் சொன்னான். "மண்ணுல பட்டாத்தான் முழிக்குமாம். குதிக்கால ஊண்டாம, முன்னங்கால ஊண்டி ஓடணுமாம்."

எனக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமும் நோகிறது என்று நான் நினைத்தது, உண்மையில் என் கால் நித்திரையில் புலம்பியதுதான். வெள்ளைக்காரன் என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, தன் பழைய சோடியொன்றைக் கொண்டுவந்து தந்தான். இடது சின்னவிரல் பக்கம் கொஞ்சம் பிய்ந்திருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு கல்முனைக்குள் இறங்கினேன். இருபத்தாறு வருடம் பழகிய வீட்டு நாய்களே குரைத்தன. பிள்ளைகள் "மீற்றர்க் குரங்கு" என்று பின்னால் வந்தார்கள். என் பெண்சாதி சபூறா, "இதப் போட்டுக்கிட்டு என்ட வாசப்படி ஏறாதீங்க" என்றாள். வீடு அவளுடைய சீதன வீடு, சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் மூன்றாம் கிழமை என் குதிக்கால் நோ நின்றுவிட்டது. சத்தியமாக நின்றுவிட்டது. அதை யாரும் வந்து விசாரிக்கவில்லை.

மே மாதம் அந்தச் சோடி முழுதாகக் கிழிந்தது. இனி வெறுங்கால்தான் என்று முடிவெடுத்தேன். ஒபிசில் பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். எங்கே போட வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். விடிய ஆறரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பத்து மணிக்கு என் வேலை முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை பள்ளிக்குச் சைக்கிளில் வந்து கொட்டிலுக்குள்ளேயே இறங்குவேன். ஆகவே எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

நல்லதை ஒருவன் தனக்குள் வைத்துக்கொண்டால் அது கஞ்சத்தனம். கல்முனை வெறுங்கால் ஓட்டக் கழகத்தை நான் ஆரம்பித்தேன். ஒரு கொப்பி வாங்கி அங்கத்தவர் பெயர் எழுதினேன். முதல் கிழமை பதினொரு பேர். சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஓடினோம். இரண்டாம் கிழமை ஒருவர் தூண்டில் முள்ளில் கால் வைத்தார். இன்னொருவர் கருவாடு காயப் போட்ட இடத்தில் மீன் முள் ஏறி நின்றுபோனார். மூன்று பேரை அவர்கள் வீட்டுக்காரிகள் நிறுத்தினார்கள். மற்றவர்கள் காரணமே சொல்லாமல், என்னைக் கண்டால் சந்து மாறிப் போகத் தொடங்கினார்கள். ஜூன் முடியும்போது கொப்பியில் மிஞ்சியது ஒரே ஒரு பெயர், றிபாத்.

றிபாத் சபூறாவின் தம்பி, எனக்கு மச்சான். சின்னப் பேக்கரி வைத்திருக்கிறான். நாற்பத்தாறு வயது, பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். டொக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார், அதனால் வந்தான். ஆனால் அதற்காக மட்டும் வந்தான் என்று சொன்னால் பொய். ஒருநாள் மற்றவர்கள் எல்லாரும் விட்டுப் போனபின், நீயும் போவதென்றால் போ என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

"நீங்க தனிய ஓடினா ஊர் சிரிக்கும் மச்சான். ரெண்டு பேர் ஓடினா அது கழகம்."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை என்பது பதிவில் இருக்க வேண்டும். என் சொந்தத் தம்பிகூட எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை றிபாத் கடற்கரைக்குச் சப்பாத்தோடு வந்தான். கறுப்புச் சப்பாத்து. அடி இரண்டு விரல் தடிப்பு.

"கோவிக்காதீங்க மச்சான்," என்றான். "கிளினிக்ல நேர்ஸ் காலுல ஊசியால குத்திப் பாத்தாங்க. எனக்குத் தெரியவே இல்ல. கால் செத்துப் போய் இரிக்கிதாம். இனி வெறுங்காலோட கக்கூசுக்கும் போகப்படாதாம். ஒரு சின்னக் காயம் வந்தாலும் கால எடுக்க வேண்டி வருமெண்டு டொக்டர் செல்லிட்டாரு."

"குத்தினது நோகவே இல்லியா?"

"ஒண்டும் தெரியல்ல மச்சான்."

"அப்ப நல்லம்தானே."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். கால் சாகவில்லை, நித்திரை. நம் எல்லாருக்கும் நித்திரை, அவனுக்குக் கொஞ்சம் ஆழமான நித்திரை, அவ்வளவுதான். ஆழ்ந்து நித்திரை கொள்பவனை எழுப்பக் கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டும். அந்தக் காலைக் கொண்டுபோய் இரண்டு விரல் தடிப்பில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தால் எப்படி முழிக்கும்?

"டொக்டர் படிச்ச மனிசன் மச்சான்," என்றான் றிபாத்.

கழகத்தின் முதலாம் விதி வெறுங்கால். விதி விதிதான், மச்சான் என்று பார்க்க முடியாது. அன்றே அவன் பெயரை வெட்டினேன். கொப்பியில் ஒரு பெயரும் இல்லை. அன்று நான் அழுதேன், அதை ஒளிக்க மாட்டேன். அவனோ வழக்கம் போலவே தினமும் வந்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்தான். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேர். எனக்குத் தெரியும், அது கழகம் இல்லை. அதே பக்கம் போகிற இன்னொரு மனிதன், அவ்வளவுதான்.

என் எண்ணமெல்லாம் ஒன்றுதான். ஒரேயொரு தடவை, நல்ல சூடான தரையில் அவன் கால் பட வேண்டும். பட்டால் முழிக்கும். முழித்தால் டொக்டரே வந்து கழகத்தில் சேர்வார்.

இந்த விஷயத்தில் நான் ஆலோசனை கேட்காமல் நடக்கவில்லை. பாண்டிருப்பில் கந்தப்போடி என்று ஒரு வயற்காரர், என் பாட்டையில் நூற்றுப் பதினேழாவது மீற்றர் அவருடையது. அவர் திரௌபதை அம்மன் கோயிலில் ஏழு முறை தீ மிதித்தவர். கால் சுடவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். தோல் தடிப்பா என்று கேட்டுக் குனிந்து பார்த்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எங்கட ஆக்கள் விரதம் இருந்து அம்மாள நம்பி இறங்குற, நஜிமுதீன். கால நம்பி ஆரும் இறங்குறல்ல."

அவர் சொன்னதில் எனக்குத் தேவையானது, கால் சுடவில்லை என்பது. அதைக் குறித்துக்கொண்டேன்.

முதலில் சிறிதாகத்தான் முயன்றேன். றிபாத் எங்கள் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது அவன் சப்பாத்தை எடுத்துக் கோழிக் கூட்டுக்குள் வைத்தேன். அவன் தேடினான். சபூறா உடனே தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். பூப்போட்ட பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் றோட்டால் போனான், ஒரு வெட்கமும் இல்லை. அடுத்த நாள் கோழி சப்பாத்துக்குள் முட்டையிட்டு, சங்கதி வெளியே வந்துவிட்டது. நாய் இழுத்து வந்திருக்கும் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. சபூறா அப்போதே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாவது முறை பள்ளியில். ஜூலை கடைசி வெள்ளி. அவன் சோடியை மட்டும் எடுத்துக் கொட்டில் கூரைக்குள் செருகினேன். தொழுகை முடிந்து வெளியே வந்து றிபாத் வெறுங்காலோடு நின்றதுதான் தாமதம், நாலு பேர் தங்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். "சீனிக்காரன், நீ போட்டுட்டுப் போ" என்று ஒருவர். "என்ட வீடு கிட்டத்தானே" என்று இன்னொருவர். அந்த நாலு பேருக்குள் யார் கொடுப்பது என்று வாய்த்தர்க்கம் வேறு. கடைசியில் அவன் வரும்போது போட்டிருந்ததைவிட நல்ல தோல் செருப்பில் வீட்டுக்குப் போனான். அவன் சோடியை, கொட்டில் மூலையில் கிடந்தது என்று சொல்லி மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கியது. இந்த ஊரில் ஒரு மனிதனை வெறுங்காலோடு நடக்க வைப்பது லேசான காரியம் இல்லை. ஊரில் ஒரு சோடி செருப்பு மிஞ்சினாலும் அது அவன் காலுக்கு வந்துவிடும். ஆகவே ஒன்றும் மிஞ்சக் கூடாது.

இதில் பேராசை ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு ஒருவருடைய செருப்பும் தேவைப்படவில்லை. நீங்கள் எல்லாரும் நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் ஒரு சோடியோடு காரியம் முடிந்திருக்கும்.

கந்தப்போடியிடம் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினையும் அதன் பின் பெட்டியையும் அரை நாளுக்குக் கேட்டேன். கொஞ்சம் சாமான் ஏற்ற வேண்டும், அவருடைய வயல் வாடிக் குடிலில் இரண்டு நாள் வைக்க வேண்டும் என்றேன். நெல்லா, மண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வெறும் உரப்பையும் தந்தார். பள்ளி மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். பாங்கு சொல்லி, குத்பா தொடங்கி, கடைசி ஆளும் உள்ளே போனபின் வேலையை ஆரம்பித்தேன். பையொன்றுக்கு இருபத்தாறு சோடி. கலைந்துவிடாமல் சோடி சேர்த்து இறப்பர் வளையம் போட்டேன். அதற்குப் பிறகும் பிந்தி வந்த இரண்டு பேர் என்னைக் கண்டார்கள். "அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தரட்டும்" என்று சொல்லித் தங்கள் செருப்பையும் என் கையிலேயே தந்துவிட்டு உள்ளே ஓடினார்கள்.

என்ஜினைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. அது கிளம்பினால் பெரியநீலாவணைக்குக் கேட்கும். சூறத்துல் பாத்திஹா முடிந்து எல்லாரும் ஒரே குரலாக ஆமீன் சொல்லும் நேரம் பார்த்து இழுத்தேன். ஒரே இழுவையில் பற்றியது. என் வாழ்க்கையில் நான் வேண்டுமென்று விட்ட ஜும்ஆ அது ஒன்றுதான். அதற்காக நான் இன்றும் வருந்துகிறேன். பிறகு வாடியில் லுஹர் தொழுதுகொண்டேன்.

அதற்குப் பின் பள்ளியில் நடந்ததை நான் கண்ணால் காணவில்லை, நீங்கள்தான் கண்டீர்கள். கேள்விப்பட்டதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். வெளியே வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வெறும் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை கண்டு மூன்று மாதம். றோட்டுத் தார் இளகிக் கிடந்தது. முதலில் இறங்கிய இளந்தாரிகள் துள்ளித் துள்ளி ஓடினார்கள். ஒருவர் தொப்பியை ஒரு காலில் மாட்டிக்கொண்டு மற்றக் காலைத் தூக்கியபடி போனாராம். ஒருவர் சாரத்தை அவிழ்க்கலாமா என்று யோசித்து, உள்ளே ஒன்றும் இல்லாததால் கைவிட்டார். மார்க்கட் பக்கம் செருப்பு வாங்க ஆளனுப்பப் பார்த்தார்கள், ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டு. ஓட்டோக்காரர்களும் தொழ வந்தவர்கள்தான், வெறுங்காலோடு பிரேக் மிதிக்க முடியாமல் நின்றார்கள். வயதானவர்கள் ஒளுச் செய்கிற தொட்டியான ஹவுழடியில் காலை நனைத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் செருப்புக் கொடுக்கவில்லை. கொடுக்க யாரிடமும் இல்லை. என் கணக்கு அதுவரைக்கும் சரி.

றிபாத் மட்டும் அவசரப்படாமல் இறங்கி நடந்தான்.

அவன் துள்ளவில்லை. முகம் சுளிக்கவில்லை. பொங்குகிற தாரில் கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். எல்லாரும் நின்று பார்த்தீர்கள். "மாஷா அல்லாஹ், நஜிமுதீன்ட பயிற்சி" என்று ஒருவர் சொன்னாராம். அவர் யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். அந்தக் கழகத்தைப் பற்றி ஊரில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

பாதி வழி போனவன் திரும்பி வந்தான். அவன் அப்படிப்பட்டவன். ஹவுழடியில் இருந்த வயதாளிகளைப் பார்த்து, "எனக்குச் சுடல்ல, ஏறுங்க வாப்பா" என்று குனிந்திருக்கிறான். ஒவ்வொருவராக முதுகில் சுமந்துகொண்டுபோய் மெயின் றோட்டு மர நிழலில் விட்டிருக்கிறான். ஒன்பது பேர். போகவும் வரவும் பதினெட்டு நடை. தலைவர் அவர்களே, உங்கள் வாப்பாவையும் அவன்தான் தூக்கினான். பாரம் முழுக்க அந்தக் காலில் இறங்கியிருக்கும். நிற்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் பதிவுக்காகச் சொல்கிறேன். சீனிக்காரன் என்று இரண்டு கிழமைக்கு முன் செருப்புக் கொடுக்க நாலு பேர் சண்டை பிடித்த இடம் இது.

பின்னேரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சந்தோஷமாக இருந்தான். நானும் சந்தோஷப்பட்டேன். என்ன மாதிரி இருக்கிறது கால் என்று கேட்டேன்.

"ஒண்டுமே தெரியல்ல மச்சான். பஞ்சு மாதிரி."

கொப்பியை எடுத்து அவன் பெயரை மறுபடி எழுதினேன். அவன் முன்னிலையிலேயே எழுதினேன். அப்போது சபூறா தேத்தண்ணியோடு வந்தவள் மாபிள் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். வாசலில் இருந்து கதிரை வரைக்கும் அவன் நடந்து வந்த தடம் ஈரமாக இருந்தது. தண்ணீர் என்று நினைத்து நான் துடைக்கத் துணி எடுத்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டுவிட்டுத் தம்பியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

உள்ளங்கால் இரண்டும் கழன்றிருந்தது. வலது கால் மெல்ல மெல்ல ஆறி வருகிறது. இடதில் கிருமி ஏறி, பதினாறாம் நாள் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்று நான் கழகத்தில் அடிக்கடி சொல்வேன். அதை இப்போது யாரோ எனக்கே திருப்பிச் சொல்கிறார்களாம். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். சபூறா இல்லாத நேரம் பார்த்துப் போனேன். என்னைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தான்.

"கழகத்துக்கு இனி எனக்கு வரேலா மச்சான்," என்றான். "நீங்க தனிய ஓடாதீங்க. ஊர் சிரிக்கும்."

அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்ன தவணை கடந்தும் சாமான் கிடந்ததால் வயல் வாடியைத் திறந்து பார்த்த கந்தப்போடி அதற்கு அடுத்த நாள்தான் என்னிடம் வந்தார். "வாடிக்குள்ள ஒரு ஊர்ட காலே கிடக்கு, நஜிமுதீன்" என்றார். தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் இறக்கினார். பன்னிரண்டாவது பையில் ஒரு சோடி குறைந்தது. சபூறா என் உடுப்புகளை ஒரு பையில் போட்டு, "ஒங்கட உம்மா வீட்ட போங்க" என்றாள். உம்மா மௌத்தாகி ஏழு வருடம். நிந்தவூரில் கூடப் பிறந்த ராத்தா வீட்டில் இருக்கிறேன். அங்கிருந்துதான் இன்று பஸ்ஸில் வந்தேன்.

இனி அந்த ஒரு சோடி. மேலே எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். ஒளிக்க வேண்டும் என்றில்லை, இடம் வரவில்லை.

முதல் இரண்டு பையையும் ஓட்டமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மூன்றாவது பையை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு கொட்டில் நிழலை விட்டு வெளியே இறங்கினேன். வண்டிக்குப் பதினைந்து அடி தூரம் இருக்கும். மூன்று அடி வைத்தேன். நாலாவது அடி என்னால் வைக்க முடியவில்லை. பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து நிழலுக்குள் வந்து விழுந்தேன். கால் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஊதினேன். முழித்த கால் என்பதால் எனக்கு அப்படி இருந்தது. அந்த நேரம் உள்ளே இமாம் குத்பாவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்றுகூட ஞாபகம் இல்லை.

நிறுத்தியிருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கொட்டிலில் குந்திக்கொண்டு நன்றாக யோசித்தேன். கால் நிமிடம் இருக்கும். எனக்குச் சுடுகிறது, ஏனென்றால் எனக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு எப்படிச் சுடும்? ஒருவனுக்கு நோகாத ஒன்றை அவனுக்குச் செய்தால் அது எப்படித் தீங்காகும்? இன்னும் பத்துப் பை கிடந்தது, நேரமும் இல்லை. காலுக்கு ஏதாவது வேண்டும். கையெட்டும் தூரத்தில் முதல் வரிசையில் இருந்தது அவனுடைய சோடி.

அளவு சரியாக இருந்தது. எனக்கும் அவனுக்கும் எட்டாம் நம்பர்தான். தார் மேல் நின்று பார்த்தேன், ஒரு சூடும் ஏறவில்லை. இதைப் போடச் சொன்ன அந்த நேர்ஸ் விஷயம் தெரிந்தவர். குதிக்கால் பக்கம் உள்ளே ஒரு மெத்தை இருக்கிறது, அது நடக்கிறபோது மெதுவாக அமுங்கி எழும்புகிறது. மிச்சம் பத்துப் பையையும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏற்றினேன். அன்றிலிருந்து குளிக்கவும் தொழவும் படுக்கவும் படியேறவும் மட்டுமே கழற்றுகிறேன். இந்தக் கிழமை மீற்றர் வாசிக்கவும் அதோடுதான் போனேன், நாய்கள் குரைக்கவில்லை.

இதை எடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். றிபாத்துக்கு இப்போது எல்லாம் தெரியும். நேற்று ஆளனுப்பி ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறான். வலது கால் ஆறி வருகிறது, ஊன்றுகோலோடு நடக்கப் பழக வேண்டும், வலது சப்பாத்து மட்டும் கிடைத்தால் காணும் என்று. நான் இரவு முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். இடது இனி அவனுக்குத் தேவைப்படாது, அது உண்மைதான். ஆனால் ஒன்பது வருடமாக இந்த வாசலில் செருப்பு அடுக்கியவன் நான். ஒரு சோடியைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.